கூரையில் எழுதிய பெயர்கள்: விமானத் தளங்களை ஒட்டிய கிராமத்துப் பப்களில் கண்டதும் கேட்டதும்

லிங்கனிலிருந்து

நான் மது அருந்துவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பப் என்பது குடிப்பவர்களுக்கான இடம் என்று மட்டுமே எண்ணி வளர்ந்தவன் நான். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பி விமானத் தளத்தின் ஓடுபாதை முனையில், வேலிக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்று டைஃபூன் போர் விமானங்களைப் பார்த்துவிட்டு, விரல்கள் விறைத்துப்போன ஒரு பிப்ரவரி மாலையில், ஒதுங்குவதற்கு வேறு இடம் தெரியாமல்தான் முதன்முதலாக ஒரு கிராமத்துப் பப்பின் கதவைத் தள்ளினேன். அது டாட்டர்ஷல் தோர்ப் என்னும் சிற்றூரில் உள்ள புளூ பெல். எலுமிச்சைப் பானம் ஒன்றை வாங்கிக்கொண்டு கணப்படுப்பின் அருகில் உட்கார்ந்தேன். கை எட்டும் உயரத்தில் இருந்த அந்தப் பழுப்பேறிய கூரையில் ஏதோ கறை படிந்திருப்பதாகத்தான் முதலில் தோன்றியது. கண் பழகியதும் கறை எழுத்தானது, எழுத்து பெயரானது.

இரண்டாம் உலகப்போரின்போது சுற்றுவட்டாரத் தளங்களிலிருந்து பறந்த விமானப்படையினர் இட்ட கையெழுத்துகள் அவை. சில பெயர்கள் முழுமையாக இருக்கின்றன, சிலவற்றில் முதலெழுத்து மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஒரு பெயரின் கடைசி எழுத்து வளைந்து கீழே சரிந்திருந்தது. நாற்காலியின் மேல் நின்று, தலையை அண்ணாந்து எழுதும்போது கை தளர்ந்திருக்க வேண்டும். அந்தச் சரிவை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். லிங்கன் நகரை ஒட்டிய கான்விக் குன்றில் 2018-இல் திறக்கப்பட்ட குண்டுவீச்சுப் படை நினைவு மையத்தில், ஏறத்தாழ 58,000 பேரின் பெயர்கள் எஃகுத் தகடுகளில் வெட்டப்பட்டுள்ளன. அங்கே நிற்கும் கோபுரத்தின் உயரம் 31.09 மீட்டர், அதாவது அந்தப் படை பயன்படுத்திய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள நீளம். அதன் முன் நின்றபோதும் நான் கண்கலங்கியிருக்கிறேன். ஆயினும் அந்தப் பெயர்களை அவர்கள் இறந்த பின் வேறு யாரோ வெட்டினார்கள். புளூ பெல்லின் கூரையில் இருப்பவை, உயிரோடு இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் கையால் எழுதியவை. இந்த நாட்டிலுள்ள போர் நினைவுச் சின்னங்களுள் எனக்கு மிக நெருக்கமானது எது என்று கேட்டால், தாழ்ந்த அந்தக் கூரையைத்தான் சொல்வேன்.

அங்கே எனக்கு அறிமுகமான ஒரு மூதாட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்பதற்காகவே இதைத் தொடங்கினேன். போர்க்காலத்தில் அவர் எட்டு வயதுச் சிறுமி. அந்த வட்டாரத்திலேயே இன்னொரு பப்பில், இப்போது வீடாக மாறிவிட்ட ஒன்றில், அவருடைய தாயார் வேலை செய்திருக்கிறார். லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர் பறப்பார்கள்: விமானி, பொறியாளர், திசைகாட்டி, குண்டு வீசுபவர், வானொலி இயக்குபவர், துப்பாக்கி இயக்குபவர்கள் இருவர். உயிரும் சாவும் ஒன்றாக இருந்த இந்த ஏழு பேரும் தளத்துக்குள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதிகாரிகளுக்கு ஓர் உணவகம், சார்ஜன்ட்களுக்கு வேறோர் உணவகம். விமானியே சார்ஜன்டாகவும், அவருடைய கட்டளைக்கு உட்பட்ட திசைகாட்டி அதிகாரியாகவும் இருந்த விமானங்களும் உண்டு. ஏழு பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய இடம் ஊர்ப் பப் மட்டுமே. “அவர்கள் குடிக்கத்தான் வந்தார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சேர்ந்து உட்காரத்தான் வந்தார்கள்” என்று அந்த மூதாட்டி சொன்னார். பப் என்பதைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் அந்த இடத்திலேயே மாறியது.

தாக்குதலுக்குப் புறப்படும் நாட்களில் தளத்திலிருந்து வெளியே பேசும் தொலைபேசிகள் நிறுத்தப்படும், யாரும் வாயிலைத் தாண்ட முடியாது. ஆகவே மாலையில் பப் வெறிச்சோடிக் கிடந்தால், இன்று இரவு விமானங்கள் கிளம்புகின்றன என்பதை யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே ஊர் தெரிந்துகொள்ளும். கிளம்பும்போதும், விடியலில் திரும்பும்போதும் பெரியவர்கள் எண்ணுவார்களாம். அவர் சொன்னவற்றுள் என் மனத்தில் தங்கிவிட்டது சைக்கிள்களைப் பற்றிய செய்தி. இரவு பப் மூடியதும் யாருடைய காரிலாவது நெருக்கியடித்து ஏறிக்கொண்டு தளத்துக்குத் திரும்புபவர்கள், நாளை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டுப் போவார்கள். சில சைக்கிள்களை எடுக்க யாரும் வரமாட்டார்கள். அவருடைய தாயார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மழையில் துருப்பிடிக்காமல் இருக்க அவற்றைப் பின்புறக் கொட்டகைக்குள் தள்ளிவைப்பார். பிள்ளைகள் யாரும் ஏறி ஓட்டக்கூடாது, மணியைக்கூட அடிக்கக்கூடாது. சில வாரங்களுக்கு ஒருமுறை தளத்திலிருந்து ஒரு லாரி வந்து அவற்றை ஏற்றிச் செல்லும். குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள் என்பதைப் பலமுறை படித்திருக்கிறேன். அந்த எண்ணிக்கையின் கனத்தை, மணி அடிக்கப்படாத சைக்கிள்களைப் பற்றிக் கேட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

அருகிலுள்ள உட்ஹால் ஸ்பாவின் பெட்வுட் ஹோட்டலை அனைவரும் அறிவார்கள். ஜெர்மனியின் அணைகளைத் தாக்கிய 617-ஆம் படையணியின் அதிகாரிகளுக்கு உணவகமாக இருந்த அந்த மாளிகையின் பாரில் அந்நாளையப் படங்களும் பொருட்களும் நிறைய உள்ளன. அழகான இடந்தான், ஆனால் அங்கே நான் சுற்றுலாப் பயணியாகவே உணர்ந்தேன். கோனிங்ஸ்பியில் உள்ள லீகேட் இன் எனக்கு அதைவிடப் பிடிக்கும். 1542-இல் எழுந்த அந்த விடுதி, சதுப்பு நிலத்தைக் கடப்பவர்களுக்கு விளக்கேற்றி வழிகாட்டிய விடுதிகளில் எஞ்சியது. அந்த விளக்கைத் தொங்கவிடும் இரும்புத் தாங்கி இன்றும் வெளியே இருக்கிறது. கோடை மாலையில் அதன் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது, போர்க்கால விமானங்களை இன்றும் பறக்கவைக்கும் பிரிட்டன் வான்போர் நினைவு விமான அணியின் லங்காஸ்டர் தாழப் பறந்து தளத்துக்குத் திரும்புவதைக் காணும் பேறு எனக்கு இருமுறை கிட்டியது. நான்கு மெர்லின் எஞ்சின்களின் ஒலி காதில் கேட்பதற்கு முன்பே மேசையின் மேலிருந்த கண்ணாடித் தம்ளரில் அதிர்வாகத் தெரிந்தது. பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது, ஒருவர் எழுந்து நின்றார், பிறகு எல்லோரும் எழுந்து நின்றோம்.

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தின் கதை அமெரிக்கர்களுடையது. லாவெனம் ஊரிலுள்ள ஸ்வான் ஹோட்டலின் பழைய பாரில், அந்த ஊர்த் தளத்திலிருந்து பறந்த 487-ஆம் குண்டுவீச்சுக் குழுவினரின் கையெழுத்துகள் சுவரில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அந்தத் தளத்திலிருந்துதான் 1944 டிசம்பர் 24 அன்று பிரிகேடியர் ஜெனரல் ஃபிரெடரிக் காசில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கனரகக் குண்டுவீச்சு விமானங்களின் தலைவராகக் கிளம்பினார். பெல்ஜியத்தின் மேலே அவருடைய விமானம் தாக்கப்பட்டபோது, உடன் வந்தவர்கள் குதிப்பதற்காக அதை நேராகப் பிடித்துக்கொண்டிருந்து உயிர்விட்டார். அவருக்கு அமெரிக்காவின் மிக உயரிய போர்ப் பதக்கம் இறந்த பின் வழங்கப்பட்டது. நான் போயிருந்த மதியம், நடுத்தர வயதுடைய ஓர் அமெரிக்கர் கைப்பேசி வெளிச்சத்தைச் சுவரில் பாய்ச்சித் தம் தாத்தாவின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து தேடினேன். கிடைக்கவில்லை. “அவர் எழுதியிருக்கமாட்டார், ரொம்ப கூச்ச சுபாவம்” என்று அவரே சொல்லிவிட்டு, தேநீருக்குப் பணம் கொடுக்க என்னை அனுமதிக்க மறுத்தார்.

இன்றும் பறக்கும் தளத்தருகே உட்கார வேண்டுமானால் மில்டன்ஹால் தளத்தை ஒட்டிய பெக் ரோவுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள பேர்ட் இன் ஹேண்ட், தளத்து வேலிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதென்றால், 1990 வரை அங்கிருந்து பறந்த கறுப்பு நிற எஸ்.ஆர். 71 உளவு விமானங்களைப் பார்த்தவர்கள் அதைத் தங்கள் இரண்டாவது வீடு என்றே சொல்கிறார்கள். அங்கே ஓர் இளம் அமெரிக்கப் பராமரிப்புப் பணியாளரிடம், எரிபொருள் நிரப்பும் கே.சி. 135 விமானங்களின் வாலில் சதுரத்துக்குள் டி என்ற எழுத்து ஏன் இருக்கிறது என்று கேட்டேன். அருகிலுள்ள நார்ஃபோக்கில் தோர்ப் அபட்ஸ் தளத்திலிருந்து போர்க்காலத்தில் பறந்து, பேரிழப்புகளைச் சந்தித்த 100-ஆம் குண்டுவீச்சுக் குழுவின் அடையாளம் அது என்றும், அதன் வழிவந்த அணி 1992 முதல் மில்டன்ஹாலில் இருப்பதால் அதே எழுத்தைத் தாங்குகிறது என்றும் அவர் விளக்கினார். விடுமுறை நாட்களில் தோர்ப் அபட்ஸ் சென்று, அருங்காட்சியகமாகிவிட்ட கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் புல் வெட்டித் தருவாராம். அவருக்கு இருபத்திரண்டு வயது. போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ அதே வயதினர்.

உங்களுக்கும் இத்தகைய இடங்களும் சந்திப்புகளும் வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

கென்ட்டிலிருந்து

மது அருந்துவதில்லை என்று நீங்கள் தயங்கத் தேவையில்லை. இரண்டு கால்களையும் இழந்த பின்னும் போர் விமானம் ஓட்டிய டக்ளஸ் பேடரும் மது அருந்தாதவர்தான். சஃபோக்கின் மார்ட்டில்ஷம் ஹீத்தில் அவர் பெயரிலேயே ஒரு பப் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பிராஸ்டெட் கிராமத்து ஒயிட் ஹார்ட்டைச் சொல்ல வேண்டும். பிகின் ஹில் தளத்து விமானிகள் மாலையில் கூடிய இடம் அது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் மறைப்பதற்காக வைத்திருந்த கரும்பலகையில் அவர்கள் சாக்பீஸால் கையெழுத்திட்டார்கள். ஒரு விரல் பட்டாலே அழிந்துவிடக்கூடிய அந்தச் சாக்பீஸ் எழுத்துகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அசல் பலகை அருங்காட்சியகப் பாதுகாப்புக்குச் சென்றுவிட்டது, பப்பில் இருப்பது அதன் நகல். 1940 ஆகஸ்ட் 30 அன்று பிகின் ஹில் தளத்தின் மீது விழுந்த குண்டுகளில் 39 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த பிரிட்டன் வான்போரில் பறந்த ஏறத்தாழ 3,000 பேரில் 544 பேர் உயிரிழந்தார்கள். நகலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பார் மேசைக்குப் பின்னாலிருந்த இளம்பெண் வந்து, “வெள்ளிக்கிழமைகளில் இங்கே கூட்டம் நெரியும், ஆனாலும் அந்தப் பலகையின் மேல் யாரும் சாய்வதில்லை” என்றார். அப்படித் தாங்கள் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

லங்காஷயரிலிருந்து

இருவரும் எழுதியதைப் படித்தேன். பெருமைக்குரிய நினைவுகளுக்கு நடுவே, வலி மிகுந்த ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். அதுவும் விமானப்படையோடு தொடர்புடைய ஒரு கிராமத்துப் பப்பின் கதைதான்.

பிரெஸ்டனுக்கு அருகிலுள்ள பாம்பர் பிரிட்ஜில், வைக்கோல் வேய்ந்த கூரையுடன் நிற்கும் பழைய பப்பின் பெயர் யீ ஓல்ட் ஹாப் இன். 1943-இல் அந்த ஊரில் அமெரிக்க எட்டாம் விமானப்படையைச் சேர்ந்த 1511-ஆம் லாரிப் படைப்பிரிவு தங்கியிருந்தது. லங்காஷயரின் விமானத் தளங்களுக்கு வேண்டிய பொருட்களை ஏற்றிச் செல்வது அவர்களுடைய வேலை. அமெரிக்கப் படையில் அன்று நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்ததால், அந்தப் பிரிவின் வீரர்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். ஊர்ப் பப்களிலும் நிறத்தின்படி பிரிவினை வேண்டும் என்று அமெரிக்க இராணுவத் தரப்பு கேட்டது. அதற்குப் பதிலாக ஊரின் மூன்று பப்களும் வாசலில் ஒரு பலகையை மாட்டின: “கறுப்பினப் படையினருக்கு மட்டும்.”

1943 ஜூன் 24 அன்று இரவு, சீருடை ஒழுங்காக இல்லை என்று காரணம் சொல்லி ஹாப் இன்னில் இருந்த ஒரு கறுப்பின வீரரைக் கைது செய்ய இராணுவக் காவலர்கள் வந்தார்கள். உள்ளே இருந்த ஊர்மக்களும் பிரிட்டிஷ் படையினரும், பெண்கள் உட்பட, அந்த வீரரின் பக்கம் நின்றார்கள். காவலர்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சாலையில் தொடங்கிய கைகலப்பு துப்பாக்கிச் சூடாகி நள்ளிரவைத் தாண்டி நீடித்தது. வில்லியம் கிராஸ்லாந்து என்னும் வீரர் சுடப்பட்டு இறந்தார். டெட்ராய்ட் நகரில் நிறவெறிக் கலவரம் நடந்த அதே வாரம் அது. அந்தச் செய்தி இந்த முகாமுக்கும் எட்டியிருந்தது. பின்னர் இராணுவ நீதிமன்றத்தில் கலகம் முதலிய குற்றங்களுக்காக 32 கறுப்பின வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டன. எட்டாம் விமானப்படையின் தளபதி ஐரா ஈக்கரே, தவறு பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளிடமும் இராணுவக் காவலர்களிடமும் இருந்ததாகக் கருதினார். 1980-களில் அங்குள்ள ஒரு வங்கிக் கட்டடத்தின் சுவரில் துப்பாக்கிக் குண்டுகள் பட்ட துளைகள் கண்டெடுக்கப்படும் வரை, ஊருக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு. இப்போது பப்புக்கு எதிரே ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது.

நான் அந்த வழியாக வேலைக்குச் சென்றுவந்த ஆண்டுகளில் ஹாப் இன் எனக்கு ஓர் அழகிய பழங்கட்டடமாக மட்டுமே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு அங்கே சென்றபோது, பக்கத்து மேசையிலிருந்த முதியவர் ஒருவர், என் தோலின் நிறத்தைப் பார்த்ததனாலோ என்னவோ, தாமாகவே இந்த வரலாற்றைச் சொன்னார். தம்முடைய அத்தை அந்த வீரர்களோடு நடனமாடியவர் என்றும், கடைசி நாள் வரை “நம் பையன்கள்” என்றே அவர்களைக் குறிப்பிட்டார் என்றும் கூறினார். வந்து சில மாதங்களே ஆன விருந்தினர்களுக்காக, போரின் நடுவே, பெரும் நட்பு நாட்டின் இராணுவத்துக்கு எதிராக ஒரு பலகையை மாட்டும் துணிவு ஒரு சிற்றூருக்கு இருந்தது. எத்தனையோ வீரச் செயல்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், அந்தப் பலகையை அவற்றோடு சேர்த்தே வைக்கிறேன்.

மீண்டும் லிங்கனிலிருந்து

பாம்பர் பிரிட்ஜைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஹாப் இன்னுக்கு நான் சென்றதில்லை. இந்தக் கோடையிலேயே செல்ல முடிவு செய்திருக்கிறேன்.

இந்த இடங்கள் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 1967-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களை மூச்சுச் சோதனையில் பிடிக்கும் சட்டம் வந்ததும் கிராமத்துப் பப்களுக்கு முதல் அடி விழுந்தது. 2007-இல் புகைப்பிடிக்கத் தடை வந்தது. அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்ட பப்களும், தளமே மூடப்படும்போது தடுமாறிவிடுகின்றன. லைட்னிங் போர் விமானங்களின் கடைசித் தளமான பின்புரூக் 1988-இல் மூடப்பட்டது. நார்ஃபோக்கின் கோல்ட்டிஷால் 2006-இல் மூடப்பட்டு, அதன் ஒரு பகுதி இன்று சிறைச்சாலையாக இருக்கிறது. 1943 மே 16 அன்று இரவு 19 லங்காஸ்டர்களில் 133 பேர் ஜெர்மனியின் அணைகளை உடைக்கக் கிளம்பி, 53 பேர் உயிரிழந்த அந்த ஸ்காம்ப்டன் தளத்திலிருந்து 2022-இல் ரெட் ஏரோஸ் சாகச அணியும் வாடிங்டனுக்குச் சென்றுவிட்டது. அவர்கள் அங்கே இருந்த காலத்தில், அணைகளை உடைத்தவர்களின் பெயரைத் தாங்கிய ஸ்காம்ப்டன் கிராமத்து டாம்பஸ்டர்ஸ் இன்னில் உட்கார்ந்திருந்தால், சிவப்பு விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பும் ஓசையைக் கேட்டே மணியைச் சொல்லிவிடுவார் அங்கு வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர். பிறகு நான் அவரைப் பார்த்தபோது, அமைதி பழகிவிட்டதா என்று கேட்டேன். “இன்னும் மேலே பார்க்கிறேன்” என்றார்.

சென்ற மாதம் என் பதினோரு வயது மகளை புளூ பெல்லுக்கு அழைத்துச் சென்றேன். நாற்காலியில் ஏற வேண்டாம் என்று நான் சொன்னதால், அண்ணாந்தபடியே கூரையின் கீழ் மெதுவாக நடந்து, படிக்க முடிந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். கோனிங்ஸ்பியில் பணிபுரியும் இளைஞர்கள் நால்வர் மூலை மேசையில் இருந்தார்கள். மங்கிப்போன ஒரு பெயரில் அவள் தடுமாறியபோது, அவர்களில் ஒருவர் எழுந்து வந்து அதைப் படித்துச் சொன்னார். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை நான் மறுபடியும் அங்கே இருப்பேன். வர விரும்பும் நண்பர்கள் இரண்டு விஷயங்களை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன் பப் நடத்துபவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கூரையைக் கையால் தொடாதீர்கள்.